ஜெபர்சன் எழுதிய உதாரணங்கள்

பிள்ளைப்பாக்கத்தில் ஜெபர்சனைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. "ஒரகடத்துல கம்பெனி. கம்ப்யூட்டர்ல இன்னாமோ எழுதிக்கினு கீறான்" என்பார்கள். அவன் மனைவி எவாஞ்சலினுக்கே ரொம்ப நாள் வரை அவ்வளவுதான் தெரியும். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் லைனில் நிற்பவள். தன் கையில் ஒரு நாளைக்கு எத்தனை போர்டு கடந்து போகிறது என்று அவளால் காட்ட முடியும். இவன் வேலையைக் கண்ணால் காட்ட முடியாது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, அந்தச் சின்ன கம்பெனியில் ஒயர் இழுக்கும் ஆளாகத்தான் ஜெபர்சன் சேர்ந்தான். கார்களின் பிரேக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின்களை அந்த கம்பெனி செய்து கொடுத்தது. குழாயை இறுக்கிப் பிடித்து, காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, பிறகு காற்றை விட்டுவிடும் மெஷின். அதற்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே பெங்களூருக்குப் போய்விட்டார். மெஷின் பாதியில் நிற்கிறது, வாடிக்கையாளர் தினமும் போனில் கத்துகிறார். ஒயர் இழுத்துக்கொண்டிருந்த ஜெபர்சன்தான் ராத்திரி பகலாகப் படித்து அதை ஓட வைத்தான். அன்றிலிருந்து ப்ரோக்ராம் எழுதும் சி மொழி அவன் கைக்கு வந்தது, ஸ்க்ரூ டிரைவர் கையைவிட்டுப் போனது.

அந்த மெஷின்களுக்குள் எல்லாமே வரிசைதான். செய்ய வேண்டிய சோதனைகளின் வரிசை, காத்திருக்கும் குழாய்களின் வரிசை, வந்த கோளாறுகளின் வரிசை. இதையெல்லாம் தாங்க ஜெபர்சன் ஒரு 'லிங்க்டு லிஸ்ட்' எழுதி வைத்திருந்தான். கம்ப்யூட்டரின் நினைவுக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில் கிடக்கும். தனக்கு அடுத்தது எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும் ஒவ்வொன்றிடமும் இருக்கும். முதல் ஆளைப் பிடித்தால் விலாசம் கேட்டுக் கேட்டுக் கடைசி ஆள் வரை போய்விடலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்க, ஒன்றை எடுக்க, தேட, எண்ண, எல்லாவற்றையும் கலைக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒரு ப்ரோக்ராம் துண்டு, 'ஃபங்ஷன்', எழுதியிருந்தான். கம்பெனி செய்த அத்தனை மெஷினுக்குள்ளும் அதுதான் ஓடியது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரிகூட அவன் எழுதி வைக்கவில்லை. யாருக்காவது சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பி அவனைக் கேட்பார்கள். சொல்லிவிடுவான்.

சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் அவனுக்குத் தட்டுத்தடுமாறும். மாலைக்கண் என்று அம்மா முருங்கைக்கீரையும் ஈரலும் ஆக்கிப் போட்டாள். அது அப்படியே இருந்தது, அவனும் பழகிக்கொண்டான். நாற்பதைத் தொட்டபோது ஒரு சாயங்காலம் வல்லம் பக்கத்தில் ஓரமாக நின்றிருந்த லோடு ஆட்டோவில் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். தோள்பட்டை எலும்பு விலகியது. "இவ்ளோ பெரிய வண்டி கண்ணுக்குத் தெரியலியா" என்று கூடியவர்கள் திட்டினார்கள். குடித்திருக்கிறானா என்று ஒருவர் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார்.

எவாஞ்சலின்தான் விடாமல் சென்னைக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது, பிறவியிலேயே இருந்த கோளாறு, இதற்கு மருந்து இல்லை. நடுவில் கொஞ்சம் பார்வை மிஞ்சும், அதுவும் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தாண்டும்போது எவாஞ்சலின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லியில் வாங்கிய ஆரஞ்சுப் பை மடியிலேயே இருந்தது, யாரும் பிரிக்கவில்லை.

கம்பெனியில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. தோள்பட்டை வலி என்று சொல்லி பைக்கை விட்டுவிட்டு கம்பெனி வேனில் போனான். திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டான். அதுவும் உதவவில்லை. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல அவனுக்கு ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு சொற்கள்தான் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரே சொல். சுட்டி எங்கே போனது என்று தேடி மௌஸைக் கிறுகிறுவென்று ஆட்டுவான்.

ஒரு வாடிக்கையாளரின் தொழிற்சாலையில்தான் அது வெளியே வந்தது. மெஷினைச் சரிபார்த்துவிட்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி நடைபாதைக்கு வந்தான். பக்கத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. ஓட்டி வந்தவர் பிரேக்கை அழுத்த, மேலே இருந்த பெட்டி சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. ஆளுக்கு அடியில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார்கள். அந்த இரைச்சலில் எது ஹார்ன், எது மெஷின் என்று அவனுக்குப் புரியவில்லை. இந்த ஆளை இனி உள்ளே அனுப்பாதீர்கள் என்று அங்கிருந்து கம்பெனிக்குத் தகவல் போனது.

மேனேஜர் வனமாமலை நாங்குநேரிக்காரர். இத்தனை வருஷம் இந்தப் பக்கம் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறாதவர். ஜெபர்சனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஜெபர்சன், உண்மையைச் சொல்லுங்க. கண்ணுல என்ன செய்யுது?"

சொன்னான். பஸ்ஸில் எவாஞ்சலினிடம்கூடப் பேச முடியாததை அவரிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"இத்தன நாளா பக்கத்துலயே இருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் வனமாமலை. அவர் நல்ல மனிதர். ஆனால் கம்பெனி அவருடையதல்ல. முதலாளிகளிடம் பேசிவிட்டு அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்.

"மார்ச் வரைக்கும் இருங்க. கஸ்டமர் எடத்துக்குப் போவ வேண்டாம். அந்த லிஸ்ட் இருக்குல்லா, அதுக்கு ஒரு டாக்குமென்ட் எழுதிக் குடுத்திருங்க. அது உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. இனிமே செந்தாமரைதான் அதப் பாத்துக்கிடணும்."

"மார்ச்சுக்கு அப்பால, சார்?"

"பாப்போம்" என்றார். அவர் முகம் ஜெபர்சனுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

வீட்டில் எவாஞ்சலின் கேட்டுவிட்டுச் சாதம் போடுவதை நிறுத்தினாள்.

"எழுதாத. எழுதிக் குடுத்துட்டன்னா உன்னால அவங்களுக்கு இன்னா ஆவணும்? அடுத்த நாளே அனுப்பிடுவாங்க."

"எழுதலன்னாலும் அனுப்பத்தான் போறாங்க."

"அப்ப தவிக்கட்டும்."

"அவங்க எங்க தவிக்கப் போறாங்க. செந்தாமரைதான் மாட்டிக்கினு முழிக்கும்."

செந்தாமரை அவனுக்குப் பக்கத்து நாற்காலி. வாலாஜாபாத்திலிருந்து தினமும் வருகிறவள், அவனை அண்ணா என்பாள். அவன் மௌஸை ஆட்டித் தேடுவதை எல்லோருக்கும் முன்பே கவனித்தவள் அவள்தான். கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

எழுத உட்கார்ந்தான். முதல் தடவை எழுதியது சரியாக வரவில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கீழே ஓர் உதாரணம் வைத்தான். சேர்ப்பதற்குப் பத்து, இருபது, முப்பது என்று எண்கள். எடுப்பதற்குப் பழங்களின் பெயர்கள். தேடுவதற்கு எப்போதோ எழுதி வைத்த கோளாறு எண்கள். ஓர் உதாரணத்தில் வரிசையின் பெயர் ஒன்று, அடுத்ததில் வேறொன்று. செந்தாமரை படித்துவிட்டுத் தயங்கினாள்.

"தனித்தனியா பாத்தா புரியுதுண்ணா. சேர்த்துப் படிச்சா தலை சுத்துது. இந்த ஆப்பிள் எங்கருந்து வந்துச்சின்னு மேல போய்த் தேடறேன்."

அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிறகு, கண் வலிக்கிறது என்று பக்கங்களை எவாஞ்சலினிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், சி மொழி வராது. அம்புக்குறி மாதிரி வருவதை "மைனஸு, அப்பால ஒரு மூக்கு" என்று வாசித்தாள். மகள் ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் ஜெபர்சன் சிரிக்கவில்லை. நாலாவது பக்கத்தில் அவனுக்கே வழி தப்பிப்போனது. வரிசையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? எண்களா, பழங்களா? கண்ணால் ஒரே பார்வையில் பக்கம் முழுவதையும் பார்க்கிறவன் இதைக் கவனிக்க மாட்டான். ஒவ்வொரு சொல்லாகப் போகிறவனுக்கு, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்ப் பார்ப்பது எத்தனை பெரிய பாடு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினான். எல்லா உதாரணத்துக்கும் ஒரே வரிசை. அதில் மெஷின் செய்யும் மூன்று வேலைகள்: கிளாம்ப், ஃபில், வென்ட். பிடி, நிரப்பு, விடு. அவன் பார்வைக்குள் ஒரே தடவையில் அடங்கும் சின்னச் சொற்கள். ஒவ்வோர் உதாரணமும் காலி வரிசையில் தொடங்கும். அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, எப்போதும் அதே ஒழுங்கில் உள்ளே போகும். பிறகு எந்த ஃபங்ஷனைப் பற்றிச் சொல்கிறோமோ அது மட்டும் நடக்கும். நடந்த பிறகு வரிசை எப்படி இருக்கிறது என்று திரையில் வரும் வரிகள் அப்படியே கீழே இருக்கும். கடைசியில் வரிசையைக் கலைத்து, கம்ப்யூட்டரின் நினைவில் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே அதே கேள்விகளுக்கு அதே ஒழுங்கில் பதில்: என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், வரிசை காலியாக இருந்தால் என்ன ஆகும், எடுத்த பொருளை விடுவிப்பது யார் பொறுப்பு.

வனமாமலை புரட்டிப் பார்த்தார்.

"ஒரே உதாரணத்தத் திருப்பித் திருப்பிப் போட்டா படிக்கவனுக்குச் சலிக்காதா, ஜெபர்சன்?"

"சலிச்சா பரவால்ல சார். வழி தப்பக் கூடாது."

இப்படி ஒரே அச்சில் வார்த்தபோதுதான் அவனுடைய பழைய கோணல்களெல்லாம் தெரிந்தன. ஒரு ஃபங்ஷனில் வரிசையை முதலில் கொடுக்க வேண்டும், இன்னொன்றில் கடைசியில். ஒன்று வேலை முடிந்தால் பூஜ்யம் தரும், இன்னொன்று வேலை முடிந்தால் ஒன்று தரும். வெவ்வேறு வருஷங்களில் அவசரத்துக்கு எழுதியவை. தேடும் ஃபங்ஷனை எழுதியது ரோஸ்லின் பிறந்த சமயம். ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பை மடியில் வைத்து எழுதியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. திருத்திவிடலாம் என்று வனமாமலையிடம் கேட்டான். முடியாது என்றார் அவர். மெஷின்கள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றைத் திருத்தினால் எல்லா இடத்துக்கும் ஆள் போக வேண்டும். அதனால் கோணலைக் கோணல் என்றே எழுதினான். 'இது மட்டும் மாறி இருக்கும், கவனிக்கவும்' என்று அந்த ஃபங்ஷன்களின் உதாரணங்களுக்கு முன்னால் சேர்த்தான். எழுதும்போது மனசு கூசியது.

ஜனவரிக்குள் எழுத்துகள் இன்னும் மங்கின. மதியத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுதுவான், மதியம் ஒவ்வோர் உதாரணத்தையும் ஓட்டிப் பார்ப்பான். வருவதைச் செந்தாமரை வாசித்துச் சொல்வாள். வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவான். ரோஸ்லின் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடினாள். அவன் போயிருந்தான். மேடையில் வெளிச்சமும் நிறங்களும் நகர்ந்தன. எவாஞ்சலின் காதருகே "இப்ப நம்ம பொண்ணு முன்னாடி வருது, இப்ப பின்னாடி போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வாடிக்கையாளர், சோதனையில் தவறிய குழாயை வரிசையின் கடைசிக்கு அனுப்பி மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டார். லிஸ்டில் புது ஃபங்ஷன் வேண்டும். அன்றைக்கு ஜெபர்சன் கண் டாக்டரிடம் போயிருந்தான். மறுநாள் வந்தபோது செந்தாமரை அதை எழுதி முடித்து, அதற்கான விளக்கத்தையும் டாக்குமென்டில் சேர்த்திருந்தாள்.

"நீங்களே பாருங்கண்ணா."

ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தான். காலி வரிசை. கிளாம்ப், ஃபில், வென்ட் உள்ளே போயின. கிளாம்ப் கடைசிக்குப் போனது. ஃபில், வென்ட், கிளாம்ப் என்று திரையில் வந்தது. வரிசை காலியாக இருந்தால் என்ன ஆகும் என்றும், யார் பொறுப்பு என்றும் அதே ஒழுங்கில் இருந்தது. தான் எழுதியதா, அவள் எழுதியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எங்கியாச்சும் என்னக் கேக்கணும்னு தோணுச்சா?"

"இல்லண்ணா. எல்லாம் அதுலயே இருந்துச்சி."

"நல்லா எழுதிக்கீற" என்றான். எழுந்து சுவரைத் தடவியபடி கழிவறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். செந்தாமரை வேறு எதையோ வாசிப்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் முடிவில் கேக் வெட்டி அனுப்பி வைத்தார்கள். வனமாமலை கேட் வரைக்கும் கூட வந்தார். "எங்கயாவது சொல்லிப் பாக்கேன்" என்றார். சொல்லிப் பார்த்திருப்பார், அதில் ஜெபர்சனுக்குச் சந்தேகமில்லை. வேலை வரவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ப்ரோக்ராமை வைத்துக்கொண்டு வேலை செய்யக் கற்றுக்கொள்ள, சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு வாரத்தில் சில நாள் போனான். இரண்டு நேர்காணல்களுக்குப் போனான். ஒன்றில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள், பிறகு கூப்பிடவில்லை. இன்னொன்றில், "கஸ்டமர் இடத்துக்குப் போக முடியுமா?" என்று முதலிலேயே கேட்டார்கள். எவாஞ்சலின் ஓவர்டைம் செய்தாள். விடுமுறை நாளிலும் போனாள். காலையில் ஊரைவிட்டு எல்லா கம்பெனி பஸ்ஸும் போன பிறகு வீட்டில் இருப்பதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அடுத்த வீட்டுக் கங்கம்மாள் வாசலில் நின்று, "இன்னைக்கு லீவா தம்பி?" என்று கேட்பாள். அவளுக்கு விஷயம் தெரியும், என்ன பேசுவதென்றுதான் தெரியாது. "ஆமாக்கா" என்பான்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் செந்தாமரை போன் செய்தாள். நலம் விசாரித்தாள். ரோஸ்லினைக் கேட்டாள். பிறகு பேச்சு நின்றது.

"இன்னா செந்தாமரை?"

"வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னுதாண்ணா. புது மெஷினுக்கெல்லாம் வெளியில இருந்து ரெடிமேடா கன்ட்ரோலர் வாங்கறாங்க. அதுலயே எல்லாம் வந்துடுது. நம்ம லிஸ்ட்ட இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. பழைய மெஷின் ஓடற வரைக்கும்தான்."

"அப்ப டாக்குமென்ட்டு?"

"சர்வர்ல கீது. நான்தான் எப்பனா தொறக்கறது."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "இதுல இன்னா கீது, மெஷின்னா மாறத்தான் செய்யும்" என்று அவன்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. புது கன்ட்ரோலரை அவள் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னான்.

எவாஞ்சலினிடம் அன்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தாமல், தணிந்த குரலில் பேசினாள்.

"கொஞ்சூண்டு மிச்சம் இருந்த பார்வை. அத்த வெச்சிக்கினு எங்களப் பாத்திருக்கலாம். அந்த மூணு வார்த்தையவே பாத்துக்கினு இருந்துட்ட."

அவள் சொன்னது நிஜம். ஆனால் திரும்ப அந்த மாசங்கள் வந்தால் வேறு எப்படி இருப்பான் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போனவரின் வேலையைத் தலையில் சுமந்து தொடங்கியவன் அவன். தன் வேலையை அப்படி விட்டுப் போக அவனால் முடிந்திருக்காது. இதைச் சொன்னால் எவாஞ்சலினுக்குப் புரியும். புரிந்தாலும் வலி குறையாது. அதனால் சொல்லவில்லை. அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சொன்னதற்காக வருத்தப்படுகிறாள் என்பது அவள் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

சாயங்காலம் இறங்குவதற்கு முன் ரோஸ்லினைக் கூப்பிட்டு ஜன்னல் ஓரம் நிற்கச் சொன்னான். வெளிச்சம் நன்றாக விழுந்தது. நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டான். முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகு மூக்கு. கொஞ்சம் தலையைத் திருப்பினால் அம்மாவைப்போல வளைந்த மேலுதடு. முழு முகமும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை.

"இன்னாப்பா பாக்கற?"

"ஒன்னுமில்ல. அப்படியே கொஞ்சம் நில்லு."

நின்றாள். கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, அவனுக்குத் தெரியாத தழும்பு. எப்போது விழுந்தாள் என்று கேட்டான். "அது போன வருஷம்பா" என்றாள். அதற்குள் தெருவிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடிப்போனாள்.